உப்பு மழையும் உள்ளூர்க் காதும்

ஸங்கீத விஷயத்தில் நம்மவர்களுக்கு இரண்டு விதமான வியாதிகள் உண்டு. ஒன்று, புதியது எதுவாயிருந்தாலும் "அபசாரம்!" என்று காதைப் பொத்திக் கொள்வது. மற்றொன்று, கடல் கடந்த தேசத்தார் "பேஷ்!" என்று சொல்லிவிட்டால், கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுவது. சொந்தக் காதை உபயோகிக்காமல் இருப்பதே இரண்டுக்கும் பொதுவான லட்சணம். ஸ்ரீமதி ஸுசீலா ராமன் 2001-ஆம் வருஷத்தில் வெளியிட்ட "ஸால்ட் ரெயின்", அதாவது "உப்பு மழை" என்னும் முதல் இசைத்தட்டு, இவ்விரண்டு வியாதிகளையும் வெளிப்படுத்தக் கூடியது.

இந்த அம்மையார் 1973-இல் லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். இளமையில் கர்நாடக ஸங்கீதம் பயின்றார். பிறகு ஸிட்னியில் "ஃபங்க்", "ராக்" வகைகளைப் பாடும் கோஷ்டி ஒன்றை அமைத்தார். 1995-இல் இந்தியாவுக்கு வந்து ஸ்ரீமதி சுருதி ஸடோலிகரிடம் ஹிந்துஸ்தானி கற்றார். இங்கிலாந்து திரும்பியபின், கிதார் வாசிக்கும் ஸாம் மில்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கியதே மேற்படி தட்டு.

"ஸோல்", "ஃபங்க்" என்றால் என்னவென்று நேயர்கள் கேட்கலாம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்த்தது "ஸோல்"; அதில் உள்ளத்தின் உருக்கமே பிரதானம். "ஃபங்க்" தாளப் பிரதானமானது. ஜேம்ஸ் பிரௌன் என்னும் பாடகர் ஆவர்த்தத்தின் முதல் அடியில் ஓங்கி அழுத்தி அதைப் பிரபலப்படுத்தினார். மனம் உருகிப் பாடுவதும், ஸமத்தில் வந்து விழுவதும் பஜனை கேட்டு வளர்ந்த நமக்குப் புதியவை அல்லவே!

தட்டுக்குக் கிடைத்த வரவேற்பு என்ன? இங்கிலாந்தின் மெர்க்குரிப் பரிசுக்கு 2001-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 தட்டுக்களில் இதுவும் ஒன்று. பரிசு பி. ஜே. ஹார்வி என்னும் பாடகிக்குப் போயிற்று. அது அறிவிக்கப்பட்ட தினம் ஸெப்டம்பர் 11. நியூயார்க்கின் கோபுரங்கள் இடிந்த அன்று, பரிசுச் செய்தியைக் கேட்க உலகத்துக்குக் காது ஏது? 2002-இல் பி.பி.ஸி. வானொலி, உலக ஸங்கீதப் புதுமுகம் என்று இவரைக் கௌரவித்தது. பிரான்ஸிலும் செல்வாக்கு உண்டாயிற்று.

"உலக ஸங்கீதம்" என்ற பெயரோ 1987-இல் லண்டன் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் கூடி வைத்தது. ஆங்கிலேயருக்குப் பழக்கமில்லாத பாட்டைக் கடையில் எந்த அலமாரியில் அடுக்குவது என்ற கஷ்டம் அதனால் தீர்ந்தது. அந்த அலமாரி தரும் புகழில் ஒரு குறை உண்டு. தியாகராஜர் யார், "நகுமோமு"வில் ராமனுடைய புன்னகை முகத்தைக் காணாமல் அவர் என்ன தவித்தார் என்பது அங்கே பெரும்பாலோருக்குத் தெரிய வழியில்லை. குரலின் இனிமையை மெச்சினார்கள். பாட்டின் பொருளுக்கு யார் தீர்ப்புச் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும்.

நம்மிலோ சிலர், "கிருதிக்குக் கிதாரா?" என்று அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். முத்துஸ்வாமி தீக்ஷிதர் ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுக்களுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் செய்தாரே. சுமார் 40 நோட்டு ஸ்வரங்கள் உள்ளனவே! அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் பிடில் வாத்தியத்தை நமதாக்கிக் கொள்ளவில்லையா? "நகுமோமு"வையே எடுத்துக் கொள்வோம். பழைய ஸம்பிரதாயத்தில் ஆபேரிக்குச் சுத்த தைவதம். இன்று கச்சேரிகளில் கேட்பது சதுச்ருதி தைவதம். அது இவ்வளவு பரவியதற்கு முசிரி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டும் காரணம் என்பார்கள். நாம் "அசல்" என்று கொண்டாடுவதிலும் ஒரு தட்டின் கைவரிசை இருக்கிறது!

நமது அபிப்பிராயம் இதுதான். "நகுமோமு"வில் ஸுசீலா அம்மையாரின் தாழ்ந்த குரலிலே ஏக்கம் உண்மையாகவே இருக்கிறது. அதை வேஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் நிரவலும் ஸ்வரமும் தரும் விஸ்தாரம் அங்கே இல்லை. சில பாட்டுக்களில் கமகங்கள் நேர்க்கோடாகி, வார்த்தைகள் வாத்தியங்களுக்குள் மறைந்து போகின்றன. உருக்கம் பிழைத்தது, ஸாஹித்யம் கொஞ்சம் நனைந்து விட்டது.

வெளிநாட்டில் வளரும் நம் குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட தீர்ப்பே தேவை. கதவைச் சாத்தினால் அவர்கள் நம்மை விட்டுப் போவார்கள். குருட்டுப் புகழ்ச்சி செய்தாலோ அவர்கள் கற்பதற்கு நம்மிடம் ஒன்றும் இராது. இந்த அம்மையார் 2011-இல் "வேல்" என்ற தட்டிலே முருகன் பாட்டுக்களைத் தேடி வந்தார். வருகிறவர்களுக்கு வழி சொல்ல, கேட்கத் தெரிந்த காது இங்கே இருக்க வேண்டும்.

புதுவையில் 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி மாறியது. ஆனால் பாரிஸும் லண்டனும் மெச்சிய பிறகே மெச்சுவது என்ற வழக்கம் நமது காதுகளை இன்னும் ஆள்கிறது. ஜூன் 21-ஆம் தேதி பிரெஞ்சுக்காரரின் ஸங்கீதத் திருநாளை நம் ஊரிலும் கொண்டாடுகிறோம், நல்லதுதான். அன்று வீட்டில் முசிரியின் "நகுமோமு"வை முதலிலும், ஸுசீலாவின் "நகுமோமு"வை அடுத்தும் வைத்துக் கேட்டுப் பாருங்கள். எது உயர்ந்தது என்று பாட்டியும் பேத்தியும் சண்டையிட்டால் தடுக்க வேண்டாம். இருவரும் தங்கள் சொந்தக் காதாலேயே கேட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி.