வாடகைப் படை என்னும் 'பூஸ்டர்': செஞ்சியில் அன்று நடந்ததும் மாலியில் இன்று நடப்பதும்

ஸ்ட்ராட்டஜி கேம் ஆடுபவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகத் தெரியும். எதிரியின் படை உங்களுடையதைப் போல இரண்டு மடங்கு. உங்கள் வீரர்களின் லெவலை ஏற்ற இன்னும் பத்து நாள் ஆகும். ஸ்க்ரீன் ஓரத்தில் ஒரு பட்டன் மின்னுகிறது. 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' என்றால் அது பவர் போஷன்; ஒரு மணி நேரத்துக்கு மொத்தப் படையும் உங்கள் லேப் அனுமதிக்கும் உச்ச லெவலுக்குப் போய்விடும். 'சிவிலைசேஷன் 6'-ல் உங்கள் செல்வாக்கில் இருக்கும் ஒரு நகர அரசின் படையைத் தங்கம் கொடுத்து 30 டர்ன்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். 'க்ரூஸேடர் கிங்ஸ்' வரிசையில் கூலிப்படையையே வாடகைக்குப் பிடிக்கலாம். அதன் இரண்டாம் பாகத்தில், கஜானா காலியானால் அந்தக் கூலிப்படை உங்களுக்கு எதிராகவே திரும்பும் ஆபத்தும் உண்டு.

குறைந்த நேரம், அதிக பவர், பெரிய ரிஸ்க். இதே பட்டனை நிஜத்தில் அழுத்திய இடம் ஒன்று திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கி.மீ. தூரத்தில், திருவண்ணாமலை போகும் ரோட்டிலேயே இருக்கிறது.

செஞ்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ 'மராத்தா ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி. சிவாஜி 1677-ல் பிடித்ததும், அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கி முகலாயர்களைத் தாக்குப்பிடித்ததும்தான் அந்த அங்கீகாரத்துக்குக் காரணம். ரீல்ஸிலும் அந்தக் கதைதான் சுற்றியது. ராஜா தேசிங்கு கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் செஞ்சியின் இன்னொரு அத்தியாயம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. இன்றைய உலக அரசியலோடு நேராகப் பொருந்துவது அதுதான்.

முதலில் ஒரு ஒப்பீடு. முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் செஞ்சியைப் பிடிக்க 1690-லிருந்து 1698 வரை, எட்டு ஆண்டுகள் முற்றுகை போட்டார். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அதே கோட்டையைப் பிடிக்க எடுத்துக்கொண்டது ஒரு இரவு. அவர் கையில் இருந்தது ஏறக்குறைய 250 ஐரோப்பியர், 1,200 சிப்பாய்கள், நான்கு பீரங்கி. பின்னாலேயே மற்ற பிரெஞ்சுப் படையும் வந்து சேர்ந்தது. வெடி வைத்து வாசல் கதவைத் தகர்த்தார்கள். இருட்டில் மலை ஏறினார்கள். விடிவதற்குள் மூன்று குன்றுகளும் கைமாறிவிட்டன.

அந்தப் பூஸ்டருக்குக் காசு கொடுத்தது யார்?

சந்தா சாகிப். ஆற்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரியவர். பல ஆண்டுகள் மராத்தியரிடம் சிறைப்பட்டுக் கிடந்து 1748-ல் வெளியே வந்தார். பட்டம் வேண்டும், ஆனால் சொந்தமாகப் போதிய படை இல்லை. ஹைதராபாத் நிஜாம் பதவியைக் குறிவைத்த முசாஃபர் ஜங்குக்கும் அதே நிலைமை. இருவரும் பட்டனை அழுத்திய இடம் புதுச்சேரி. அங்கே கவர்னராக இருந்தவர் டியூப்ளே.

1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூர் போரில் ரிசல்ட் வந்துவிட்டது. சுமார் 400 பிரெஞ்சுக்காரர்களும் 2,000 சிப்பாய்களும் கூடச் சேர்ந்ததில், அப்போதைய நவாப் அன்வாருதீன் போர்க்களத்திலேயே கொல்லப்பட்டார். நன்றிக்கடனாகச் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தவை வில்லியனூர், பாகூர் பகுதிக் கிராமங்கள். பணமாகக் கொடுக்கவில்லை, வரி வருகிற நிலமாகவே கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். இந்த ஆண்டுகளில் புதுச்சேரியில் டியூப்ளேவின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்தப் பேரங்களை அவ்வளவு அருகிலிருந்து எழுதிவைத்த தமிழர் வேறு யாரும் இல்லை.

பட்டம் கிடைத்துவிட்டது. அப்புறம்?

1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே முகாமிட்டிருந்த நிஜாம் நாசிர் ஜங், அவர் கூடவே வந்த கடப்பை, கர்நூல், சவனூர் நவாப்கள் சேர்ந்து செய்த சதியில் கொல்லப்பட்டார். பிரெஞ்சுப் படை தாக்கிய நேரம் பார்த்து அந்த நவாப்கள் கட்சி மாறினார்கள். முசாஃபர் ஜங் நிஜாம் ஆனார். டியூப்ளேவுக்குக் கிருஷ்ணா நதிக்குத் தெற்கே அதிகாரம் கிடைத்தது. வெற்றி பெற்ற இடத்தில் தன் பெயரிலேயே 'டியூப்ளே-ஃபதேஹாபாத்' என்று ஒரு ஊரையும் எழுப்ப ஆரம்பித்தார். (1752-ல் அந்த வழியாக வந்த ராபர்ட் க்ளைவ் அதை இடித்துப்போட்டார்.)

முசாஃபர் ஜங்கின் டைமர் இரண்டே மாதத்தில் முடிந்தது. 1751 பிப்ரவரியில், நாசிர் ஜங்கைக் கவிழ்க்க உதவிய அதே நவாப்கள், பேசிய பங்கு கிடைக்கவில்லை என்று திரும்பினார்கள். அந்த மோதலில் அவர் செத்தார். சந்தா சாகிப் இன்னும் ஒரு வருஷம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார். 1752 ஜூனில் திருச்சி அருகே பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது; தஞ்சாவூர்த் தளபதியிடம் சிக்கிய சந்தா சாகிப்பின் தலை துண்டிக்கப்பட்டது. வாடகைக்கு வந்த படை சரணடைந்தால் அது போர்க் கைதி ஆகும். வாடகைக்கு எடுத்தவருக்கு அந்த வசதி கிடையாது.

எதிர்த்தரப்பு மட்டும் சும்மா இருந்ததா?

அன்வாருதீனின் மகன் முகமது அலியும் அதையேதான் செய்தார். அவர் அழுத்திய பட்டன் ஆங்கிலேயக் கம்பெனி. அது போதாமல் மராத்தியத் தளபதி முராரி ராவையும் மைசூரையும் சேர்த்துக்கொண்டார். கேம் பாஷையில் சொன்னால் ஒரே நேரத்தில் மூன்று பூஸ்டர். மைசூருக்கு அவர் பேசிய விலை திருச்சிக் கோட்டை. சந்தா சாகிப் ஒழிந்ததும் 'தர முடியாது' என்று கைவிரித்தார். கடுப்பான மைசூர் பிரெஞ்சுப் பக்கம் போய்விட்டது. திருச்சி முற்றுகை இன்னும் இரண்டு வருஷம் நீண்டது. அந்த மைசூர்ப் படையோடு வந்து, ஐரோப்பியர் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்களில் ஒருவர் ஹைதர் அலி.

வாடகைப் படை எப்போதும் ஜெயிக்கும் என்பதும் இல்லை. அதே 1752-ல் மேஜர் கின்னியர் தலைமையில் ஆங்கிலேயப் படை செஞ்சியைப் பிடிக்கப் புறப்பட்டது. மலையையும் மதிலையும் நேரில் பார்த்ததும் இந்தப் படை பத்தாது என்று புரிந்தது. திரும்பும்போது பிரெஞ்சுப் படை எதிர்கொண்டு அடித்தது. அந்தச் சண்டை நடந்த ஊர் விக்கிரவாண்டி. சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள் டோல்கேட்டில் காத்திருக்கும் அதே ஊர்தான்.

கேமில் இல்லாத ஒரு ரூல்

கேமில் பூஸ்டரை விற்பது ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒரு ஷாப். உங்கள் காசு போனதும் அதன் வேலை முடிந்தது. அந்த ஷாப் உங்கள் கோட்டையை வந்து பிடிக்காது. கர்நாடகப் போர்களில் ஷாப்காரரும் அதே மேப்பில் ஆடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை பூஸ்டர் விற்கும்போதும் வாங்கியவரின் பலம் தற்காலிகமாக ஏறியது, விற்றவரின் பலமோ நிரந்தரமாக ஏறியது. இந்த முழுக் கதையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

அது நடந்த விதம் ரொம்ப சாதாரணமானது. படைக்கு மாதச் சம்பளம் வேண்டும். நவாப் கஜானாவில் பணம் இல்லை. அப்படியானால் வரி வசூலிக்கும் உரிமையைக் கொடுங்கள் என்பார்கள். ஹைதராபாத்தில் புஸ்ஸியின் படைச் செலவுக்காக 1753-ல் ஆந்திரக் கடற்கரையின் வட சர்க்கார் மாவட்டங்களே பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போயின. முகமது அலி 1763-ல் ஆங்கிலேயருக்குச் செங்கல்பட்டு ஜாகிரைக் கொடுத்தார். வரி போனால் அடுத்த வருஷச் சம்பளத்துக்குப் பணம் இன்னும் குறையும். அதற்குக் கடன், அந்தக் கடனுக்கு வட்டி. 'ஆற்காட்டு நவாப்பின் கடன்கள்' என்பது 1785-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் தனியாக உரையாற்றும் அளவுக்குப் பெரிய விவகாரம் ஆனது. 1801-ல் கம்பெனி கர்நாடகம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. போரில் ஜெயித்த தரப்பின் கதை இது என்பதை மறந்துவிடக் கூடாது.

விற்றவர்களிலும் ஒருவர் தோற்றார். டியூப்ளே 1754-ல் திருப்பி அழைக்கப்பட்டு, கம்பெனிக்காகச் செலவழித்த தன் சொந்தப் பணத்தைக் கேட்டு வழக்காடியபடியே 1763-ல் பாரிஸில் இறந்தார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் லாலி தோற்றபோது, அவர் வாடகைக்கு வைத்திருந்த மராத்தியக் குதிரைப்படை ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் சம்பளம் வராத அவருடைய சொந்த வீரர்களே கலகம் செய்திருந்தார்கள். அதன் பிறகு திண்டிவனம் பக்கத்துப் பெருமுக்கல் மலைக்கோட்டை, 1761 ஏப்ரலில் செஞ்சி என எல்லாம் வரிசையாக ஆங்கிலேயர் வசம் போயின.

ஆனால் வில்லியனூர், பாகூர் பெயர்கள் மேப்பில் நின்றுவிட்டன. 1783 வெர்சாய் ஒப்பந்தத்திலும் அவை புதுச்சேரியோடு சேர்த்துப் பேசப்பட்டன. இன்று இரண்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறினால் வளவனூர் தமிழ்நாடு, மதகடிப்பட்டு புதுச்சேரி, கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு, அரியூர் மறுபடி புதுச்சேரி. பெட்ரோல் விலையும் மதுக்கடையும் மாறி மாறி வரும் இந்த ரூட்டின் ஆரம்பத்தைத் தேடிப் போனால், ஆம்பூர் போருக்குக் கொடுத்த வாடகையும் அதில் ஒரு பங்காக இருக்கும்.

இன்றைக்கு யார் அழுத்துகிறார்கள்?

மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலி. ஜிஹாதிக் குழுக்களைச் சமாளிக்க முடியாத ராணுவ ஆட்சி, ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையை 2021 கடைசியில் கொண்டுவந்தது. பிரெஞ்சுப் படை 2022 ஆகஸ்டில் வெளியேறியது. கிடால் நகரை 2023 நவம்பரில் மீட்டபோது பூஸ்டர் வேலை செய்வதுபோலத்தான் தெரிந்தது. 2024 ஜூலையில் அல்ஜீரிய எல்லையில் டின்சவாட்டன் பகுதியில் வாக்னர் பெரும் இழப்பைச் சந்தித்தது. 2025 ஜூனில் 'பணி முடிந்தது' என்று அறிவித்துவிட்டுக் கிளம்பியது. அந்த இடத்தில் ரஷ்ய ராணுவ அமைச்சகத்தின் ஆப்பிரிக்கா கோர் நிற்கிறது. அதே ஆண்டு இறுதியில் கிளர்ச்சியாளர்கள் எரிபொருள் லாரிகளை மறித்ததில் தலைநகர் பமாகோவில் பெட்ரோல் தட்டுப்பாடு, இரண்டு வாரம் பள்ளிகளுக்கு விடுமுறை.

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் விலை இன்னும் வெளிப்படையானது. அங்கே இந்தாசிமா தங்கச் சுரங்கம் வாக்னரோடு தொடர்புள்ள நிறுவனத்திடம் போனது. நிலவரியின் இடத்தில் தங்கம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். வாக்னரை வளர்த்த ரஷ்யாவுக்கே 2023 ஜூன் 23, 24 தேதிகளில் அது திரும்பியது. பிரிகோஷின் தன் படையோடு மாஸ்கோ நோக்கிப் புறப்பட்டார். சரியாக இரண்டு மாதத்தில் விமான விபத்தில் இறந்தார்.

பூஸ்டருக்குள் இருப்பவர்கள்

கேமில் பூஸ்டர் என்பது ஒரு ஐகான். செஞ்சி மலையில் அந்த இரவு ஏறிய 'பிரெஞ்சுப் படை'யில் ஐரோப்பியர் ஆறில் ஒருவர்தான். மற்றவர்கள் சம்பளத்துக்குச் சேர்ந்த சிப்பாய்கள், இந்த மண்ணின் ஆட்கள். புஸ்ஸியின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, அவர்கள் பெயர் இல்லை.

இந்த இடத்தில் மட்டும் இது பழங்கதை கிடையாது. ஹெல்பர் வேலை, செக்யூரிட்டி வேலை என்று ஏஜென்டுகள் சொன்னதை நம்பி ரஷ்யா போன இந்திய இளைஞர்கள் உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். 2024 மார்ச்சில் சிபிஐ ஏஜென்டுகள் மீது வழக்குப் பதிந்தது. 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் சேர்ந்ததாகத் தெரிந்த இந்தியர் 126 பேர். திரும்பி வந்தவர்கள் 96. இறந்தவர்கள் 12. இன்னும் அங்கே இருந்த 18 பேரில் 16 பேர் எங்கே என்றே தகவல் இல்லை.

அதன் பிறகும் ஆள் சேர்ப்பு நின்றபாடில்லை. 2025 செப்டம்பரில் அமைச்சகம் மீண்டும் ஒருமுறை, ரஷ்ய ராணுவத்தில் சேரும் எந்த ஆஃபரையும் ஏற்க வேண்டாம் என்று எச்சரித்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். கையில் கொடுக்கும் ஒப்பந்தம் ரஷ்ய மொழியில் மட்டும் இருந்தால், மொழிபெயர்ப்பு வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.