தாயின் வீடு நிற்கிறது

பழைய கோவாவில் புனித மலை என்றொரு சிறு குன்று உண்டு. அங்கே தாய்க்கொரு வீடும் மகனுக்கொரு வீடும் அருகருகே எழுந்தன. தாய், புனித மோனிக்கம்மாள். மகன், புனித அகுஸ்தினார். மகன் மனந்திரும்பக் கண்ணீர் விட்டு மன்றாடிய அத்தாயை நம்மில் அறியாதார் யார்? இன்று அகுஸ்தீன் சபைத் துறவியரின் ஆலயம் இடிந்து, கோபுரத்தில் பாதி மட்டும் 46 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கிறது. மோனிக்கம்மாள் கன்னியர் மடமோ இன்றும் முழுமையாக நிற்கிறது. காரணம் என்ன?

பேராயர் அலெய்ஷோ தெ மெனேசஸ் 1606-ல் தொடங்கிய இம்மடம் 1627-ல் முடிந்தது. மூன்று அடுக்கு; நடுவே சதுர முற்றம்; சுற்றிலும் தாழ்வாரங்கள். கோவா மண்ணின் செம்பாறாங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசினர். வெளிச்சுவர் சாயாதிருக்கப் பெருத்த உதைசுவர்கள் கொடுத்தனர். வெளியே செல்லாத அடைபட்ட மடமாகையால், கன்னியர்க்கு அம்முற்றத்து வானமே உலகம். 1636-ல் தீ விபத்து நேர்ந்தது; மறு ஆண்டே மடம் புதுப்பிக்கப்பட்டது.

1834-ல் போர்த்துக்கல் அரசு ஆண் துறவியர் சபைகளைக் கலைத்தது. அகுஸ்தீன் மடம் வெறிச்சோடியது. 1842-ல் ஆலயத்தின் வளைவுக்கூரை சரிந்தது. 1931-ல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் விழுந்தன. கன்னியர் மடங்களிலோ புதிதாக எவரையும் சேர்க்கக்கூடாது என்பதே ஆணை. இருந்தவர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராக இறைவனடி சேர, 1885-ல் கடைசிச் சகோதரியும் மறைந்தார். அரை நூற்றாண்டு அவ்வீட்டில் விளக்கு அணையவில்லை! பின்னர் படைவீரர் தங்கினர். 1964-ல் துறவறச் சகோதரிகளுக்கான மாதெர் தேயி கல்வி நிலையம் அங்கே தொடங்கியது.

இரண்டும் ஒரே குன்றில் நின்றவை; ஒரே மழையில் நனைந்தவை. ஒன்றில் மனிதர் வாழ்ந்தனர், மற்றொன்றில் வாழவில்லை. ஓடு விலகினால் பார்ப்பதற்கும், சுவரில் முளைத்த அரசஞ்செடியைப் பிடுங்குவதற்கும் வீட்டில் ஆள் வேண்டாமா?

நம் ஊர்களிலும் பழைய மடங்களை இடித்து மாடி எழுப்புவோமா, பூட்டி வைத்துப் பெருமை பேசுவோமா என்று பெரியோர் வாதிடுகின்றனர். இரண்டும் வேண்டாம் என்போம் நாம். அவற்றில் படிப்போம், செபிப்போம், ஆண்டுதோறும் பழுது பார்ப்போம். தோழியரே, பழைய தாழ்வாரம் கேட்பது மாலையன்று. தினமும் ஒரு துடைப்பமும் நம் காலடியோசையுமே!