ஒயின் கிண்ணம்: சுவைக்காகவா, அந்தஸ்துக்காகவா?

ஜோகூர் பாரு, ஸ்கூடாய், கூலாய் வட்டாரங்களில் நம்மவர்கள் நடத்தும் விருந்துகளில் ஒயின் புட்டியைக் காண்பது இன்று அரிதல்ல. "பியர், சம்சு மாதிரி இல்லை, இது உடம்புக்கு நல்லது" என்ற பேச்சும் அதோடு சேர்ந்தே வருகிறது. புதிதாகச் சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளைகள் அதை நம்பிவிடுகிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 330 மில்லி பியரில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 13 விழுக்காடு ஒயின் 150 மில்லி குடித்தால் அது சுமார் 15 கிராம். கிண்ணம் அழகாக இருப்பதால் போதை குறைவதில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் கூறியது.

மது விஷயத்தில் நம் சமூகத்துக்குத் தேர்வு என்பதே நெடுங்காலம் இருந்ததில்லை. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. வாங்கிய சம்பளம் அங்கேயே கரைந்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒரு கோரிக்கை. 1947இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. பின்னர் மலிவு சம்சு வந்தது. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவால் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலிவாகக் கிடைத்ததைக் கேள்வி கேட்காமல் குடித்தவர்கள் கொடுத்த விலை அது.

ஆகவே, குடிப்பதென்று முடிவெடுத்தவர் தமக்கு எது பிடிக்கிறது என்று அறிவது வீண் பகட்டு அல்ல. அதற்கு ஆங்கிலச் சொற்களும் தேவையில்லை. நம் அறுசுவையில் துவர்ப்பு உண்டு. பாக்கையும் வாழைப்பூவையும் மென்றவருக்குச் சிவப்பு ஒயினின் துவர்ப்பு பிடிபடும். வெள்ளை ஒயினில் பொதுவாகப் புளிப்பு முன்னே நிற்கும். இரண்டு வகையை அருகருகே வைத்து, இரண்டு மிடறு மட்டும் பருகி, இனிப்பா, புளிப்பா, துவர்ப்பா என்று கேட்டுக்கொண்டால் போதும். காரமான ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினைக் குடித்தால் காரம் இன்னும் எரியும். குளிரூட்டிய, சற்று இனிப்பான வெள்ளை ஒயின் அதற்குப் பொருந்தும். விலை உயர்ந்ததுதான் சுவையானது என்று விதி ஏதுமில்லை. அடுத்தவர் புகழ்ந்தது உங்கள் நாக்குக்குப் பிடிக்காவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக்கூடாது. 2020 அக்டோபர் முதல் வாகனமோட்டியின் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் அளவு 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான். முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரிங்கிட் முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கலாம். விருந்து முடிந்து வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பும் தம்பிகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ருசித்துப் பார்த்தபின் "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்பவரும் தம் சுவையைக் கண்டுகொண்டவரே. தொடவே மாட்டேன் என்பவரை "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்தும் பழக்கத்தை நம் விருந்துகள் முதலில் கைவிடட்டும்.