‘இது கூடாது’ என்று சொல்லும் பலம்

மக்கள் தொடர்புத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: தொழில்முறைத் தகுதிச் சான்று வாங்கினால் சம்பளம் கூடுமா, பதவி உயருமா? பணமும் காலமும் செலவழித்துத் தேர்வுக்குப் படிக்கிறவருக்கு இதைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. நேர்மையாகப் பதில் சொல்வதானால், இன்றைய இந்தியாவில் சான்றிதழ் மட்டும் எவருக்கும் நாற்காலி வாங்கித் தருவதில்லை. பட்டயக் கணக்கருக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வழக்கறிஞருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நமக்கு அப்படி எதுவும் கிடையாது. நாளைக் காலையில் யார் வேண்டுமானாலும் ‘மக்கள் தொடர்பு ஆலோசகர்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். சட்டம் காவல் நிற்காத இடத்தில் தொழில் தனக்குத்தானே காவல் நிற்க வேண்டும். ஆகவேதான் தகுதிச் சான்று நமக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது.

சான்றே இல்லாமல் திறனை எடைபோட முடிந்த காலமும் இருந்தது. கன்னியாகுமரிக்கு வடகிழக்கே கடலோரத்தில் நிற்கும் வட்டக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1741ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி யூஸ்டாசியஸ் டி லனாய், பின்னர் அதே மன்னருக்குப் படையைப் பயிற்றுவித்தார். உதயகிரிக் கோட்டையையும் இந்த வட்டக்கோட்டையையும் வலுப்படுத்திக் கட்டினார். ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் பெற்று 1777இல் இறக்கும்வரை திருவிதாங்கூரில் உயர்ந்த நிலையில் இருந்தார். பகைவனாக வந்தவரை நம்பிப் பொறுப்புக் கொடுக்க மன்னருக்கு எந்தச் சான்றிதழும் வேண்டியிருக்கவில்லை. படை அணிவகுத்து நடப்பதையும் கருங்கல் மதில் எழுவதையும் கண்ணால் பார்த்தே ஆளின் திறனை எடைபோட முடிந்தது.

நம் வேலையை அப்படி எடைபோட முடியாது. நல்ல மக்கள் தொடர்பு அதிகாரி தவிர்த்த நெருக்கடி எங்கேயும் பதிவாவதில்லை; அவர் தடுத்து நிறுத்திய தவறான அறிக்கை எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. கண்ணுக்குத் தெரிவது பேப்பர் கட்டிங் கோப்பு ஒன்றுதான். அதனால் எத்தனை பத்தி, எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, ‘இத்தனை லட்சம் ரூபாய்க்குச் செய்தி வாங்கித் தந்தோம்’ என்று நிர்வாகத்திடம் நீட்டும் வழக்கம் பல அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. விளம்பர மதிப்பு என்பது தொடர்புப் பணியின் மதிப்பு ஆகாது என்று தொடர்புப் பணியை அளவிடுவதற்கான 2010ஆம் ஆண்டின் பார்சிலோனா கோட்பாடுகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. பிரஸ் மீட்டுக்கு வருகிறவர்களுக்குக் ‘கவர்’ கொடுத்துச் செய்தி வாங்குகிறவரும் கட்டிங் கோப்பைத் தடிமனாகக் காட்டிவிடலாம். நல்ல அதிகாரியையும் இவரையும் பிரித்துக் காட்ட, வேலையின் உள்ளே புகுந்து பார்க்கும் ஒரு சோதனை வேண்டும்.

அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கம் 1964இல் தொடங்கிய தகுதிச் சான்று அந்த நோக்கத்தில் பிறந்தது. விண்ணப்பிப்பவர் தாம் செய்த உண்மையான பணியொன்றை மூத்தவர்கள் குழுமுன் வைத்து விளக்க வேண்டும். பிறகு தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆய்வு, திட்டமிடல், செயலாக்கம், மதிப்பீடு பற்றியது. அறமும் சட்டமும் தனிப் பகுதி, நெருக்கடிக் காலத் தொடர்பு தனிப் பகுதி. பெற்ற சான்றை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். 1948இல் தொடங்கிய பிரிட்டனின் மக்கள் தொடர்பு நிறுவனம் 2005இல் அரச பட்டயம் பெற்றது. தொடர்ந்து கற்பதை அது பட்டய உறுப்பினருக்குக் கடமையாக்கியிருக்கிறது.

நம் நாட்டிலும் அடித்தளம் இல்லாமல் இல்லை. இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1958இல் உருவானது. 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் டெல்லியில் கூடிய முதல் அகில இந்திய மாநாடு, ஏதென்ஸ் நெறிமுறை எனும் பன்னாட்டுத் தொழில் அறநெறியை ஏற்றுக்கொண்டது. தேசிய மக்கள் தொடர்பு நாளாக நாம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். சங்கம் உருவான அதே 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு மக்கள் தொடர்பாளராகப் பணியாற்றித் தமிழ்த் திரையுலகில் இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தார் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன். அவர் எந்தத் தேர்வும் எழுதியவர் அல்லர். ஆனால் படங்களின் விவரங்களை ஒன்றுவிடாமல் தொகுத்து வைத்தார். அவர் கொடுத்த தகவலைப் பத்திரிகைகள் நம்பி அச்சிட்டன. அந்த நம்பிக்கையைச் சேர்க்க அவருக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இருபத்தைந்து வயதில் தொழிலுக்கு வருகிறவருக்கு அத்தனை காலக் கையிருப்பு கிடையாது. தகுதிச் சான்று அந்த இடைவெளியில் முதல் பாலமாகிறது.

அந்த நம்பிக்கை இல்லாமற்போனால் என்ன நடக்கும் என்பதற்கு வட்டக்கோட்டையின் இருபுறமும் நீளும் கடற்கரையே சாட்சி. கிழக்கே அடுத்த மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம். 1988இல் ஒப்பந்தம், 2002இல் கட்டுமானம். 1989ஆம் ஆண்டு மே முதல் நாள் கன்னியாகுமரியில் நிறைவுற்ற மீனவர் பேரணியிலேயே அணு உலையைப் பற்றிய அச்சம் ஒலித்துவிட்டது. ஆனால் மக்களின் கேள்விகளுக்கு விடை சொல்ல மத்திய அரசு 15 பேர் கொண்ட நிபுணர் குழுவை அமைத்தது 2011இல்தான். புகுஷிமா விபத்துக்குப் பிறகு அருகிலுள்ள இடிந்தகரையில் ஊரே பந்தலில் உட்கார்ந்த பிறகுதான். உலை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். கேள்வி எழுந்த நாளிலேயே அதைக் கேட்டுக் குறித்து, மேலே கொண்டுபோய், பதில் வாங்கி வந்து சொல்வது நம் தொழிலின் கடமை. இருபது ஆண்டு தாமதமாக வரும் பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதைக் கேட்க யாருக்கும் மனம் இருக்காது.

மேற்கே தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கி புயல் அடித்தபோது இந்த ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் கடலில் இருந்தார்கள். அவர்கள் கரையை விட்டுக் கிளம்பிப் பல நாளாகியிருந்தது; கைப்பேசி எட்டாத தொலைவு அது. புயல் எச்சரிக்கை அலுவலகத்திலிருந்து வெளியே போய்விட்டது. போய்ச் சேர வேண்டியவரைச் சேரவில்லை. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுக்கு எச்சரிக்கை அனுப்பும் ‘ஜெமினி’ கருவியை 2019இல் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அறிமுகப்படுத்தியது. கருவி வந்தாலும், யாரிடம் எந்த வழியில் எப்போது சொன்னால் சேரும் என்பதைப் புயலுக்கு முன்பே ஆராய்ந்து வைப்பது மனிதர் வேலை. தகுதித் தேர்வு ‘ஆய்வு’ என்றும் ‘மதிப்பீடு’ என்றும் கேட்பது இதைத்தான். இந்தக் கரையில் அது உயிர் காக்கும் அறிவு.

கோவளம்–கீழமணக்குடி துறைமுகத் திட்டம் போன்ற பெரிய திட்டங்கள் இங்கே மக்கள் மன்றத்தைச் சந்தித்தே ஆக வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கம் ஊர்க்காரருக்குப் புரிகிறதா, பாதகமான பகுதி அதில் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் யார்? நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. விடுபட்டிருந்தால் ‘இது கூடாது’ என்று மேலே சொல்ல வேண்டியவரும் அவரே.

சான்றின் உண்மையான தொழில் மதிப்பு அந்த ஒரு தருணத்தில் இருக்கிறது. கணக்குச் சரியில்லை என்றால் தணிக்கையாளர் கையெழுத்துப் போட மறுக்கலாம். அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனமும் அதன் நெறிமுறையும் நிற்கின்றன. மக்கள் தொடர்பு அதிகாரி மறுத்தால் அது அவருடைய சொந்தப் பிடிவாதமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ‘என் தொழில் நெறி இதை அனுமதிக்காது; மீறினால் என் சான்று போய்விடும்’ என்று அவர் சொல்ல முடியுமானால் பேச்சு வேறு தளத்துக்குப் போகும். அப்படிச் சொல்லத் தெரிந்தவரையே நிர்வாகம் முடிவெடுக்கும் அறைக்குள் அழைக்கும். சம்பளமும் பதவியும் அந்த அறைக்குள் போனபின் வருபவை.

இன்னொரு பலனும் உண்டு. சென்னையிலும் மும்பையிலும் வேலை பெரும்பாலும் அறிமுகத்தால் கிடைக்கிறது. அஞ்சுகிராமத்திலிருந்தோ அகஸ்தீஸ்வரத்திலிருந்தோ வருகிற பெண்ணுக்குச் சிபாரிசுக் கடிதம் தர யாருமில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் பத்து ஆண்டு நிருபராக இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு மாறுகிறவருக்கும் அதே நிலை. தங்கள் பணியை முன்வைத்து, முகமறியாத நடுவர்களிடம் தேர்ச்சி பெற்றுக் காட்டும் வழி இவர்களுக்குத்தான் மிகவும் வேண்டும்.

ஆனால் பெயரளவுக்கு இரண்டு நாள் வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்கிக்கொண்டு கையில் கொடுக்கும் காகிதம் இந்தப் பாரத்தைத் தாங்காது. ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் தேர்வு, நாள் முழுவதும் தமிழில் மக்களோடு பேசுகிறவரின் திறனை அளக்கவும் முடியாது. ஆகவே நம் சங்கங்களிடம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம். தேர்வைத் தமிழிலும் நடத்துங்கள். மனப்பாடத்தைவிட, செய்த பணியின் ஆவணத்துக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். சான்றை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் செய்யுங்கள். நெறி மீறியவரிடமிருந்து அதைத் திரும்பப் பெற்று, பெற்றதைப் பகிரங்கமாக அறிவியுங்கள். பறிக்க முடியாத சான்றுக்கு மதிப்பில்லை.

அரசுத் துறைகளும் நிறுவனங்களும் ஆளெடுக்கும் விளம்பரத்தில் இத்தகைய சான்றை விரும்பத்தக்க தகுதியாகச் சேர்த்தால் மீதி வேலை தானாக நடக்கும். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சங்கங்கள் விழித்தெழும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் செய்த ஒரு பணியை, அதன் தோல்விகளும் சேர, எழுதி வையுங்கள். யாரிடம் சொன்னீர்கள், யாருக்குச் சேர்ந்தது, எப்படி அறிந்தீர்கள் என்று குறித்து வையுங்கள். உங்கள் ஊரிலுள்ள சக தொழிலாளர் மூவர்முன் அதை வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நாளை எந்தக் குழு உங்களைச் சோதித்தாலும் முதலில் கேட்கப்போவது அந்தக் கேள்விகளைத்தான்.