ரவிக்கை சொன்ன சேதி

ராயபுரத்திலிருந்து என் சிநேகிதி வந்திருந்தாள். அவளுடைய நாத்தனாருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். மூன்று வாரத்தில் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள்.

"வயிற்றைக் கீறப் போகிறார்களே அக்கா! அதனால் இப்போதிருந்தே கஞ்சித் தண்ணீரும் ரசம் சாதமும்தான் கொடுக்கிறோம். குடலும் சுத்தமாக இருக்குமல்லவா?" என்றாள், பெருமையாக.

எனக்குப் பகீரென்றது. "அவளுடைய ரவிக்கை எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

சிநேகிதி விழித்தாள். "தீபாவளிக்குத் தைத்தது. இரண்டு தரம் பிடித்துத் தைத்தும் தோளிலிருந்து நழுவுகிறது."

இதையல்லவா டாக்டரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! குடல் புற்றுநோயில் பசி மந்தித்துவிடும், ரத்தம் தெரியாமலே கசிந்து சோகை பிடிக்கும், சதை கரையும். ஆறு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் வைத்தியர்கள் அதை லேசாக விடுவதில்லை.

காரணம் இருக்கிறது. நோயுள்ள பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, குடலின் இரண்டு நுனிகளையும் சேர்த்துத் தைக்கிறார்கள். தையல் பிடித்துக் கொண்டுதான் இருக்கும். ஒட்ட வைப்பது உடம்பு. அதற்குப் புரதம் வேண்டும். உடம்பில் சத்தில்லாவிட்டால் இணைப்பு கசியலாம், காயம் சீழ் பிடிக்கலாம், நுரையீரலில் சளி கட்டலாம். 1936-ல் அமெரிக்காவில் ஸ்டட்லி என்ற டாக்டர், இரைப்பைப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்து கொண்ட 46 பேரைக் கணக்கெடுத்தார். எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்து போனார். மற்றவர்களில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தான். அது வேறு வியாதி, அந்தக் காலமும் வேறு. ஆனாலும் இன்றைக்கும், மிகவும் மெலிந்தவர்களுக்கு ஆபரேஷனை ஒன்றிரண்டு வாரம் தள்ளி வைத்து ஆகாரம் கொடுத்துத் தேற்றுகிறார்கள்.

கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது கணக்கு. 50 கிலோ உடம்புக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். ரசம் சாதம் எந்த மூலைக்கு? காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்து போடுகிறோமே, இவளுக்கு மட்டும் ஏன் பட்டினி? சைவக்காரர்கள் பால், தயிர், மசித்த பருப்பு என்று சிறுகச் சிறுக ஆறு வேளை கொடுக்கலாம். (வீட்டு ஆண்பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால் முட்டை தானாக வந்துவிடுகிறது, பெண்பிள்ளைக்கென்றால் பத்தியம்தான் நினைவுக்கு வருகிறது!)

ஒரு எச்சரிக்கை. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் மலமும் நின்று போனால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது எதையும் ஊட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ராயபுரத்துக்கு ஸ்டான்லி கூப்பிடு தூரம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் உணவும் அவர்கள் சொல்கிறபடியே.

நேற்று சிநேகிதி போன் செய்தாள். தீபாவளிக்கு 54 கிலோ இருந்தவள், இப்போது 47. ஆபரேஷனைப் பத்து நாள் தள்ளி வைத்து, சத்து மாவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம்.

"தினமும் முட்டையா என்று சலித்துக் கொள்கிறாள், அக்கா."

"சலித்துக் கொள்ளத் தெம்பு வந்துவிட்டதே!" என்றேன்.