கேட்காவ் அம்மையார்

சென்னைக்குச் செல்லும் இரயில் தௌண்டை எட்டுமுன் கேட்காவ் என்றொரு சிறு நிலையத்தைக் கடக்கும். நம்மவர் பலர் அதனைக் கவனிப்பதில்லை. பண்டித ரமாபாய் அம்மையார் நிறுவிய ‘முக்தி’ இல்லம் அங்கேதான் இருக்கிறது.

வடமொழிப் புலமையால் கல்கத்தா அறிஞர்களையே வியக்கச் செய்தவர் அவர். சென்னை மாகாணப் பஞ்சத்தில் பெற்றோரையும், பின்னர்த் தமையனையும், 1882-ல் கணவரையும் இழந்தார். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். அன்றே அவர் உள்ளம் அமைதியுற்றது என்று எண்ணிவிட வேண்டா. கிறிஸ்தவ மதத்தைக் கண்டேன், கிறிஸ்துவையோ காணவில்லை என்னும் கருத்தைப் பின்னாளில் தமது சாட்சியத்தில் எழுதினார். (ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்லும் நம்மில் எத்தனை பேர் இவ்வளவு துணிந்து ஒப்புவோம்!) அறிவினால் ஏற்றது நெஞ்சில் இறங்க ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் சென்றன.

அவர் பெற்ற சமாதானம் அவரை ஓய்ந்திருக்க விடவில்லை. 1896-97 பஞ்சத்தின்போது மத்திய மாகாணங்களுக்குச் சென்று, நூற்றுக்கணக்கான சிறுமியரையும் இளம் விதவைகளையும் மீட்டு வந்தார். உணவோடு எழுத்தும் கைத்தொழிலும் அவர்களுக்குக் கிட்டின.

1921-ல் ஒரே மகள் மனோரமா காலமானார். முதுமையும் நோயும் வாட்டிய அந்நாளிலும் தாயார் மராத்தி வேதாகம மொழிபெயர்ப்பைக் கைவிடவில்லை. 1922 ஏப்ரல் 5-ல் அவரும் கண்மூடினார். இல்லம் இன்றும் நடைபெற்று வருகிறது.