மஞ்சள் ஹயசிந்த்தைக் குப்பையில் போடாதீர்கள்

சென்ற வருடம் மார்ச் மாதக் கடைசியில் வட லண்டனில் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தோம். மணவறை, பலகாரத் தட்டு, வீடியோக்காரர் எல்லாம் வழமைபோல. வழமையில்லாத ஒன்று, மேசைக்கு மேசை வைத்திருந்த மஞ்சள் ஹயசிந்த் பூச்சாடி. சாடிக்கு மூன்று கிழங்கு, மூன்று பூந்தண்டு. அலங்காரம் செய்தவர் ஆரோ நல்ல ரசனைக்காரர் என்று நினைத்தேன். சோறு கறி வாசத்தையும் மீறிக்கொண்டு அந்தப் பூவின் வாசம் மண்டபம் முழுக்க நின்றது.

இரவு பத்து மணிக்குப் பார்த்தால், அலங்காரக்காரரோடு வந்த பெடியன் ஒருவன் கறுப்புப் பையை விரித்துப் பிடித்து, சாப்பிட்ட தட்டுகளோடு சேர்த்துச் சாடிகளையும் உள்ளே போட்டுக்கொண்டிருக்கிறான். பூ வாடக்கூட இல்லை.

"தம்பி, இதை என்ன செய்யப் போறீர்?"

"குப்பைக்குத்தான் அங்கிள். அடுத்த கிழமைக்குப் புதுசு வரும்."

சட்டைக் கையை மடித்துவிட்டு, பைக்குள் போனவற்றையும் வெளியே எடுத்தேன். மனைவி கிட்ட வந்து, "இஞ்சாருங்கோ, சனம் பாக்குது" என்றார். பார்க்கட்டும். பத்தொன்பது சாடிகளைக் காரில் ஏற்றினேன். பெறாமகன் ஓடிவந்து, "சித்தப்பா, வேணுமெண்டால் நான் புதுசா வாங்கித் தாறன். ஒரு சாடி நாலு பவுண்தானே?" என்றான். நல்ல பிள்ளை, என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான். ஆனால் அந்த "நாலு பவுண்தானே" என்பதுதான் ஒரு வருடமாக என் மனதில் கிடந்து குத்துகிறது. இந்தப் பதிவே அதற்கான பதில்தான்.

சாடியின் பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டில் 'சிற்றி ஒஃப் ஹார்லம்' என்று பெயர் இருந்தது. இளமஞ்சள் நிறம், நீல ஹயசிந்த்தைப் போல மூக்கில் அடிக்காத இதமான வாசம். 1893ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் வந்த இனம் இது. துருக்கி, சிரியா, லெபனான் மலைப்பக்கங்களில் சில பூக்களோடு காடாக வளர்ந்த ஒரு செடியைக் கொண்டுபோய், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இப்படி அடர்த்தியான பூந்தண்டாக்கியவர்கள் அவர்கள். (யாழ்ப்பாணத்துக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் பறித்துத் திருத்திக் கட்டிய அதே ஒல்லாந்தர்தான். கோட்டையைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.)

இந்த இனத்தை விதை போட்டு எடுக்க முடியாது. விதையில் வருவது வேறு ஏதோவாக இருக்கும். வாழைக்குக் குட்டி பிரிப்பதுபோல, கிழங்கிலிருந்தே கிழங்கு எடுக்க வேண்டும். ஆனால் ஹயசிந்த் தானாகக் குட்டி போடுவதில் பெரிய சோம்பேறி. ஆகவே கோடையில் கிழங்கின் அடித்தட்டைக் கத்தியால் தோண்டி எடுத்து, தலைகீழாகச் சூடான அறையில் வைப்பார்கள். வெட்டிய வாயைச் சுற்றி நெல்லுமணி போலக் குறுணிக் கிழங்குகள் முளைக்கும். அவற்றை நட்டு, ஒவ்வொரு கோடையும் கிளறி எடுத்துத் தரம் பிரித்து, மறுபடி நட்டு, கடைக்கு வருகிற பருமனுக்குக் கொண்டுவர மூன்று நாலு வருடம் ஆகும். 1893 இலிருந்து இன்றுவரை யாரோ ஒருவர் விடாமல் இதைச் செய்ததால்தான் எங்கள் மேசைக்கு அது வந்தது. நாலு வருட உழைப்பை நாலு மணித்தியாலத்தில் கறுப்புப் பையில் கட்டுகிறோம்.

"ஒருமுறை பூத்தால் முடிந்தது, இரண்டாம் வருடம் பூக்காது" என்று ஒரு கதை எங்கள் ஆட்களிடையே உலாவுகிறது. சில சாடிகளில், பூத்து முடிந்ததும் எறிந்துவிடச் சொல்லி அச்சடித்தே விற்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த வருடமும் விற்க வேண்டும், சொல்லத்தான் செய்வார்கள். நாங்கள் ஏன் அதைக் கேட்க வேண்டும்? கண்ணாடிக் குவளையில் வெறும் தண்ணீரில் வேர்விட்டுப் பூத்த கிழங்கென்றால் அந்தக் கதையில் நியாயம் உண்டு. அது தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்து ஓய்ந்துபோனது. மண்ணில் நின்று பூத்தது அப்படியல்ல.

உண்மையில் கிழங்கைக் கொல்வது எங்கள் அவசரம். முதன்முதல் வளர்த்த வருடம் நானும் அந்தப் பிழையைச் செய்தேன். பூ முடிந்ததும் இலை அவலட்சணமாகச் சரிந்து கிடக்கிறதே என்று கத்தரிக்கோலால் வழித்துவிட்டேன். அடுத்த வருடம் நாலு இலை மட்டும் வந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த வருடத்துப் பூவுக்கான சாப்பாட்டை இலைதான் சமைத்துக் கிழங்குக்குள் இறக்குகிறது. பூ வாடியதும் பூவை மட்டும் உருவிவிட்டு, இலையைத் தானாக மஞ்சளாகிக் காயும்வரை, ஆறு கிழமையோ அதற்கு மேலோ, சும்மா விட வேண்டும். வெட்டவும் வேண்டாம், பின்னல் போட்டுக் கட்டவும் வேண்டாம். பார்வைக்கு இடைஞ்சலாக இருந்தால் வேறு பக்கம் பாருங்கள்.

நான் அந்தப் பத்தொன்பது சாடிகளையும் அடுத்த நாளே, வேர்க்கட்டு குலையாமல், பின் வளவில் வெயில் படுகிற ஓரமாக இறக்கினேன். எங்கள் பக்கம் களிமண், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஆகவே குழிக்குள் பருமணல் கலந்தேன். கிழங்குக்கு மேல் நாலு அங்குல மண். பிறகு ஒன்றும் செய்யவில்லை. குளிர் தன் வேலையைச் செய்தது. இந்தப் பூவுக்குக் குளிர்காலம் தண்டனை அல்ல. இரண்டு மூன்று மாதக் குளிர் படாவிட்டால் தண்டு ஒழுங்காக எழும்பாது. வந்த புதிதில் இந்த நாட்டுக் குளிரைத் திட்டித் தீர்த்த எனக்கு இதைக் கேள்விப்பட்டபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஐம்பத்தேழு கிழங்கில் இந்த ஏப்ரலில் நாற்பத்தொன்று பூத்தன. எண்ணினேன். கடைப் பூவைப் போலத் தடித்த தண்டு இல்லை, பூக்களும் குறைவு, கொஞ்சம் ஐதாக நிற்கின்றன. அதுதான் எனக்கு வடிவு. பாரம் தாங்காமல் முறிந்து விழுகிற கடைத் தண்டுக்குக் குச்சி கட்ட வேண்டும், இவை மழையிலும் நிமிர்ந்து நின்றன.

"என்ன இருந்தாலும் எங்கட மல்லிகைக்கு ஈடாகுமோ?" என்று ஒரு நண்பர் கேட்டார். யார் ஈடு என்றார்கள்? மல்லிகைக்காக ஏங்கிக்கொண்டு ஜன்னலோரத்தில் மூன்று மல்லிகைக் கன்றுகளைச் சாகவிட்டவர் அவர். அவரே, "இது குளத்தை மூடுகிற ஆகாயத்தாமரைதானே?" என்றும் கேட்டார். இல்லை ஐயா. அது தென்னமெரிக்கத் தண்ணீர்ச் செடி. ஆங்கிலப் பெயரில் ஒற்றுமை இருக்கிறதே தவிர உறவில்லை. இது எங்கள் சாத்தாவாரியின் குடும்பத்தைச் சேர்ந்தது.

பக்கத்து வீட்டு ஈரானியப் பெண்மணி ஒவ்வொரு மார்ச்சிலும் தங்கள் நவ்ரூஸ் புத்தாண்டு மேசையில் ஹயசிந்த் வைப்பார். அவர்கள் வழக்கம் அது. புத்தாண்டு முடிந்ததும் சாடி அவர் வீட்டு வாசற்படியோரம் மண்ணுக்குள் போய்விடும். பதினொரு வருடத்துக் கிழங்கு அவரிடம் இருக்கிறது. நாங்களோ சடங்குக்கு மஞ்சள் மங்களம் என்று தேடி வாங்கி வைத்துவிட்டு, விளக்கு அணைய முதல் அதே மங்களத்தைக் குப்பையில் போடுகிறோம். மண்டபத்துக்கு ஆயிரக்கணக்கில் காசு கட்டுகிறவர்கள், வருகிறவர்களிடம் "போகும்போது மேசைச் சாடியைக் கொண்டுபோங்கோ" என்று மைக்கில் ஒரு வசனம் சொன்னால் என்ன குறைந்துவிடும்? முன் வளவு முழுக்கக் கல் பதித்துக் கார் விட்டிருக்கிறோம் என்பவர்களுக்கும் ஒரு பெரிய சாடி வைக்க வாசலில் இடம் இருக்கும்.

இப்போது இலை பாதி மஞ்சளாகிவிட்டது. ஜூன் கடைசியில் கிழங்குகளைக் கிளறி எடுத்து நிழலில் உலரவிடுவேன். ஒக்டோபரில் நட வேண்டும். இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டால் ஆளுக்கு மூன்று தருவேன். ஒரு விஷயம், கையுறை கொண்டு வாருங்கள். கிழங்கின் தோல் பட்டால் கருணைக்கிழங்கு வெட்டினதுபோலக் கை கடிக்கும். வீட்டுக்குக் கொண்டுபோனதும் வெங்காயக் கூடைக்குக் கிட்ட வைத்துவிடாதீர்கள், தின்றால் நஞ்சு.